மழைக்காரம்மா மேடு

அத்தானுக்கு மலை என்றால் அறுநூறு மீட்டர். அதற்கு ஒரு சாண் குறைந்தாலும் அவர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மேடு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். மலையேறுவோர் சங்கம் அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் அறுநூறும் அதற்கு மேலும் உள்ளவை தொண்ணூற்றொன்று. அவர் ஏறி முடித்தவை தொண்ணூறு. மருந்துக்கடைக்காரர் அல்லவா, எதையும் அளந்து கொடுத்துப் பழகிய கை. மலையையும் அளந்துதான் ஒப்புக்கொண்டார்.

இந்தப் பெருமைகளை உட்கார்ந்து கேட்க வேண்டிய தலையெழுத்து அவருடைய மைத்துனிக்கு வாய்த்திருந்தது. நில அளவை அலுவலகத்தில் வேலை கிடைத்து, அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வேலை என்னவென்று அத்தான் கேட்ட அன்று, கம்ப்யூட்டரில் புள்ளிகளைப் பிரிப்பது என்று சொல்லிவிட்டாள். அன்றோடு அவள் பெயர் போயிற்று. அத்தான் புள்ளி என்றார், அக்காவும் புள்ளி என்றாள், பிறகு பால் போடுகிறவர்கூடப் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்.

வேலையும் உண்மையில் அதுதான். ஒரு சிறு விமானம் தாழப் பறந்துகொண்டே நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் கதிர்களைத் தரையை நோக்கி விடும். எங்கே பட்டுத் திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி. இலையில் பட்டால் இலை, கூரையில் பட்டால் கூரை, இலைகளின் இடுக்கில் நுழைந்து மண்ணைத் தொட்டால் மண். வந்து குவிகிற கோடிக்கணக்கான புள்ளிகளில் எது தரை, எது மரம், எது மாடு என்று மென்பொருள் முதலில் பிரிக்கும். அதற்குச் சந்தேகம் வந்ததைச் சாம்பல் நிறத்தில் ஒதுக்கி வைக்கும். ஒதுக்கியதை எல்லாம் புள்ளி உட்கார்ந்து பார்த்து, தரை என்றால் பழுப்பு நிறத்துக்கு மாற்ற வேண்டும். தரை மட்டும் மிஞ்சினால் மலையின் உண்மையான உயரம் தெரியும். நாட்டிலுள்ள மலைகளின் உயரத்தையும் பெயரையும் புதிதாகச் சரிபார்த்து வரைபடம் போட வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்து, அலுவலகம் இரண்டு வருடமாக அதிலேயே முழுகிக் கிடந்தது.

அக்காவின் வேலை இதைவிட எளிமையானது. வானிலைத் துறைக்காக மழை அளப்பது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் உச்சியில் மழைமானி, அதாவது முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஓர் உலோகக் குவளை. தினமும் காலை எட்டு மணிக்கு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளே எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மழையே பெய்யாவிட்டாலும் ஏறிப்போய்ச் சுழியம் என்று எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் சுழியம்தான். இருபத்திரண்டு வருடமாக அக்கா ஒன்றுமில்லை என்று எழுதுவதற்காக மலையேறிக்கொண்டிருந்தாள்.

மலை என்று சொன்னது தவறு. மேடு. ஊரே கடல்மட்டத்துக்கு நானூற்றெழுபது மீட்டர் உயரத்தில் இருந்ததால், அதன் மேல் நின்ற அந்த மேட்டை ஏற இருபது நிமிடம் போதும். அத்தான் ஒருநாள்கூட அதில் கால் வைத்ததில்லை. பட்டியலில் இல்லாததை ஏறி என்ன பயன் என்று கேட்பார். ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு, ஊரை எழுப்புகிற மாதிரி பூட்ஸ் காலோடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, பையின் ஜிப்பை நான்கு முறை திறந்து மூடி, எங்கேயோ இருக்கும் ஒரு மலைக்குப் பேருந்து ஏறிவிடுவார். அந்தச் சத்தத்தில் விழித்த அக்கா பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இனித் தூக்கம் எங்கே வரப்போகிறது என்று சட்டையை மடிக்க உட்காருவாள். எட்டு மணிக்கு அவளுடைய மேட்டுக்கு அவள் போவாள்.

கல்யாணமான வாரத்தில் அத்தான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவர் கணக்கில் பதினேழு மலைகள். லிஸ்ட் முடியட்டும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உனக்குத்தான் என்று சொன்னார். சொல்லி முப்பத்தொரு வருடம் ஆகிறது. தொண்ணூறாவது மலை முடிந்தே நான்கு வருடம் ஓடிவிட்டது. தொண்ணூற்றொன்றாவது மலை எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது; ஆனால் முழங்கால் வலி, மழை, கடைப்பையன் லீவு, பனிமூட்டம் என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு சாக்கு முளைத்தது. முழங்கால் வலிக்கிறவர் மற்ற ஞாயிறுகளில் ஏற்கெனவே ஏறிய மலைகளையே மறுபடி மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். அக்கா இதைப்பற்றி வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அக்கா ஒன்றும் கேட்காததுதான் புள்ளிக்குத் தாங்க முடியவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் அந்தத் தொண்ணூற்றொன்றாவது மலை புள்ளியின் திரைக்கே வந்து சேர்ந்தது. பழைய வரைபடத்தில் அதன் உயரம் அறுநூற்று மூன்று. அந்தக் காலத்து ஆட்கள் பக்கத்து மலையிலிருந்து தொலைநோக்கி வைத்து அளந்தவர்கள். உச்சியில் அடர்ந்து நின்ற மரங்களின் தலையைத் தரை என்று நினைத்திருக்கிறார்கள். லேசர் இலைகளுக்கு நடுவில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு 598.6 என்றது. புள்ளி மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் அதேதான். அத்தான் நான்கு வருடம் கண்ணும் கருத்துமாகப் பொத்தி வைத்திருந்த கடைசி மலை, மலையே இல்லை. பட்டியல் எப்போதோ முடிந்துபோயிருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்ததில் பிரிவு அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அக்கா வீட்டு மேடு திரைக்கு வந்தது. மென்பொருள் சொன்ன உயரம் 599.82. ஆனால் உச்சியில், மழைமானியை ஒட்டி, சாம்பல் நிறத்தில் பதினொரு புள்ளிகள் தனியாக நின்றன. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், வழவழப்பாக, ஒரு சிறு குமிழ். மேலே ஒரு கல் கிடந்ததாக அவளுக்கு ஞாபகம். வந்த புதிதில் ஒரே ஒரு தடவை பனிமூட்டத்தில் அக்காவோடு ஏறி, ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறாள். பாறைதான், வேறென்ன. பாறை என்றால் தரைக் கணக்கு. பதினொன்றையும் பழுப்புக்கு மாற்றினாள். உயரம் 600.89 ஆனது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பாறையா இல்லையா என்று அவள் இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம். பார்க்க மனம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் மேடு மேடு என்று முகம் சுளித்தவர், வீட்டுக் கொல்லையில் நின்ற மலையைப் பார்க்காமலே ஊர் ஊராகச் சுற்றினார் என்று ஆகப்போகிறது. அந்த நேரத்தில் அத்தானின் முகம் எப்படி இருக்கும் என்ற ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது. தவிர, இருபது நிமிட மலை. வருகிற ஞாயிறே ஏறி முடித்துவிடுவார், அதற்கடுத்த ஞாயிறு அக்காவுக்கு. கேலிக்குக் கேலியும் ஆயிற்று, நல்ல காரியமும் ஆயிற்று என்று தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

திருத்திய பட்டியலின் முதல் வரைவு சங்கத்துக்குப் போய், சங்கத்திலிருந்து ஒரு கடிதமாக அத்தானின் மருந்துக்கடைக்கு வந்தது. அன்று சாயங்காலம் அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்றாவது மலை நீக்கப்பட்டது என்ற வரியைப் படித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வரியில் புதிதாகச் சேர்த்தது வந்தது. புள்ளி எதிர்பார்த்தது கோபத்தை. அவள் பார்த்ததோ நிம்மதி. பெருமூச்சு விட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பரவாயில்லை, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். அது ஏன் என்று அப்போது புள்ளிக்குப் புரியவில்லை.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமையே முடிச்சிடலாமே," என்றாள் அக்கா, வெண்ணெய்க் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எட்டு மணிக்குப் போறப்ப கூடவே வந்துடுங்க."

கடைசி மலையை அப்படி அவசர அவசரமாக ஏறக் கூடாது என்றார் அத்தான். அதற்கு ஒரு தயாரிப்பு வேண்டுமாம்.

தயாரிப்பு ஆரம்பமானது. முதல் ஞாயிறு பூட்ஸுக்கு அடிப்பாகம் மாற்றக் கொடுத்தார். இரண்டாம் ஞாயிறு பூட்ஸின் புது அடிப்பாகம் பழக வேண்டும் என்று வேறொரு மலைக்குப் போனார். மூன்றாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் பயிற்சி. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இருபது நிமிட மேட்டை ஏறுவதற்காக, மூன்று மணி நேரம் பேருந்தில் போய் எழுநூறு மீட்டர் மலையில் பயிற்சி எடுத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். மேட்டின் எந்தப் பக்கமாக ஏறுவது என்று வரைபடத்தில் மூன்று வண்ணத்தில் கோடு போட்டார். அக்கா நடந்து நடந்து வெள்ளையாகிக் கிடந்த பாதை அந்த மூன்றிலும் இல்லை.

நடுவில் பெயர் வேலை ஒன்று வந்து சேர்ந்தது. வரைபடத்தில் அந்த மேட்டுக்குப் பெயரே கிடையாது. உயரம் எதுவானாலும், அக்கம்பக்கத்தார் வாயில் புழங்குகிற பெயரை எழுதி மூன்று பேர் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது கையெழுத்து அடிவாரத்துக்கு மிக அருகில் உள்ள வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். பிரிவு அதிகாரி அந்தப் படிவத்தைப் புள்ளியிடம் கொடுத்தார்.

அவள் முதலில் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் போனாள். அத்தானின் பூட்ஸைத் தைத்தவர் அவர்தான். அந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, அவர் ஊசியை நிறுத்தாமல், மழைக்காரம்மா மேடு என்றார். இது தெரியாதா என்பது போல ஒரு பார்வை வேறு. சலவைக்கடைக்காரியும் அதையே சொன்னாள். மழைக்காரம்மா ஏறுகிறபோது பெட்டியில் கரி போட்டால், இறங்குகிறபோது முதல் சட்டை தயாராகிவிடும். கடிகாரமே வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மழைக்காரம்மா உச்சிக்குப் போய்விட்டால் ஓட ஆரம்பிப்பார்களாம், மணி அடிக்கப்போகிறது என்று. தெரு முழுவதும் அக்காவுக்கு இருந்த அந்தப் பெயர், அக்கா வீட்டுக்குள் மட்டும் வந்து சேரவில்லை.

இரண்டு கையெழுத்து ஆயிற்று. மூன்றாவது அத்தான். அவர் பெயரைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். கடைசி மலைக்கு இன்னும் கொஞ்சம் கம்பீரமாக ஒன்று இருக்கலாமே, விண்தொடு சிகரம் என்பது போல என்றார். மழைக்காரம்மா யார் என்று அவர் கேட்கவில்லை. ஏறாத மலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது, ஏறிவிட்டு வந்து போடுகிறேன் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாக்குக்குச் சாக்கு கிடைத்துவிட்டது அவருக்கு.

எட்டாவது ஞாயிறு காலை புள்ளி அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் வழக்கம்போல ஐந்து மணிக்கே பயிற்சிக்குக் கிளம்பியிருந்தார். அக்கா மேட்டிலிருந்து இறங்கி வந்து, படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். புள்ளி வழக்கமான கேலியை ஆரம்பித்தாள். அத்தானுக்கு மலை முடிந்துவிடுமோ என்று பயம், அந்தப் பட்டியலைப் போட்டு அழுகிறார் என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

"அவருக்கு மலை முடிஞ்சிடுமேன்னு பயம் இல்ல புள்ளி," என்றாள். "முடிஞ்சா என்கூட உட்காரணுமேன்னு பயம்."

சொல்லிவிட்டு, குச்சியை எறிந்துவிட்டு, தேநீர் போட உள்ளே போய்விட்டாள். அந்தப் பதினொரு புள்ளிகளைத் தன் கையால் மாற்றியிராவிட்டால் பட்டியல் எட்டு வாரத்துக்கு முன்பே முடிந்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தானுக்கு ஒளிந்துகொள்ள இடம் கட்டிக் கொடுத்தவளே அவள்தான். சிரிக்கலாம் என்று செய்தது அக்காவின் தலையில் விடிந்திருக்கிறது.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அவள் முதலில் அந்த மேட்டைத் திறந்தாள். எல்லைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் இப்படி அப்படி இருக்கும் எல்லா மலைகளையும் அச்சுக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, இதை அவள் தன் மனசாட்சிக்காகப் பார்த்தாள். விமானம் ஒரே இடத்தின் மேல் இரண்டு முறை பறந்திருக்கும். முதல் ஓட்டத்தையும் இரண்டாம் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். முதல் ஓட்டத்தில் குமிழ் இருந்தது. இரண்டாவதில் இல்லை. வெறும் தட்டையான தரை, மழைமானி, அவ்வளவுதான். ஒரு மீட்டர் உயரப் பாறை எங்கே போகும்?

நேரத்தைப் பார்த்தாள். லேசர் திரும்பும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிவாகியிருக்கும். முதல் ஓட்டம் காலை எட்டு மணி இரண்டு நிமிடம். இரண்டாவது எட்டு பதினான்கு. அவள் குமிழைப் பக்கவாட்டில் திருப்பினாள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கொஞ்சம் தூக்கல். இடது முழங்காலை உயர்த்திக் குந்துகிற ஆள் யார் என்று அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அது பாறை இல்லை. அது அக்கா. எட்டு மணிக்குக் குவளைப் பக்கத்தில் உட்கார்ந்து, சுழியம் என்று எழுதிக்கொண்டிருந்த அக்கா. மொத்தம் பதினொரு புள்ளி. அவளை எடுத்துவிட்டால் மேட்டின் உயரம் 599.82.

புள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணும் கலங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரிவு அதிகாரி முன் போய் நின்று, மென்பொருள் சரியாகத்தான் ஒதுக்கியது, நான்தான் கெடுத்தேன் என்று ஒப்புக்கொண்டாள். அவர் திரையைக் குனிந்து பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீஸில் வைக்கோல் போரை மேடு என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், படுத்திருந்த எருமையைப் பாறை என்றவரையும் பார்த்திருக்கிறேன், கூடப்பிறந்த அக்காவை மலையுச்சி ஆக்கியவள் நீதான் முதல் ஆள் என்றார். திருத்தத்தை அவள் கையாலேயே எழுதச் சொன்னார், காரணத்தையும் சேர்த்து. காரணம் என்ற கட்டத்தில் அவள் 'உச்சியில் ஆள் இருந்ததால்' என்று எழுதினாள்.

அன்று மதியமே அத்தானை அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். கடைப்பையனிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு வந்தார். வந்தவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இரண்டு ஓட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். குமிழ் இருக்கிறது, குமிழ் இல்லை. இருக்கிறது, இல்லை. அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். புள்ளிவிவரம் என்று வந்துவிட்டால் சங்கத்தில் அவரை அசைக்க ஆள் கிடையாது. எத்தனையோ பேருடைய மலைகளைத் தசமத்தில் தள்ளிவிட்டவர். அவர் இப்போது தயங்கித் தயங்கி வாய் திறந்தார்.

"பதினெட்டு சென்டிமீட்டர்தானே புள்ளி. அவ தினமும் அங்கதானே இருக்கா. எடுத்துத்தான் ஆகணுமா?"

"மனுஷங்களைத் தரைன்னு கணக்கு வைக்கக் கூடாது அத்தான்."

அவள் விதியைத்தான் சொன்னாள். விதிப்புத்தகத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. அத்தான் விமானம் பறந்த தேதி என்ன என்று கேட்டார். சொன்னாள். சட்டைப்பையிலிருந்து தன் மலைக் குறிப்பு நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். அது ஒரு ஞாயிறு. அன்று காலை அவர் ஏற்கெனவே மூன்று தடவை ஏறிய மலையை நான்காவது தடவை ஏறியிருந்தார். உச்சியை அடைந்த நேரம் 8.02. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில், உச்சியில் யாரும் இல்லை, பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. அவர் அதைப் புள்ளியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கேலி செய்ய இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவள் அதை விட்டுவிட்டாள்.

"மழைக்காரம்மான்னு போட்டிருந்தியே," என்றார் அத்தான். "அந்தப் படிவம் இருக்கா?"

இருந்தது. அடிவாரத்துக்கு மிக அருகில் உள்ள வீட்டுக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஏறாத மலைக்குக் கையெழுத்துப் போடலாமா என்று புள்ளி கேட்டாள். அது மலை இல்லையே, மேடுதானே என்று சொல்லி அசடு வழிந்தார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் அவரே சொன்னார். புள்ளி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடு பட்டியலில் இல்லை, தொண்ணூற்றொன்றாவதும் இல்லை, மொத்தம் தொண்ணூறுதான், தொண்ணூறும் முடிந்துவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தார். அக்கா துள்ளிக் குதிப்பாள் என்று புள்ளி நினைத்தாள். அக்கா கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கி வைத்தாள். பிறகு துணியை உதறிக் காயப்போட்டாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாம் எனக்குத்தானே?"

"உனக்குத்தான்," என்றார் அத்தான். எங்கே போக வேண்டும், கடற்கரைக்கா, உறவுக்காரர் வீட்டுக்கா, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போனார். எட்டு வாரமாகத் தயாரிப்பில் இருந்த ஆள் அல்லவா.

"எங்கயும் போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை மழையை நீங்க போய் அளந்துட்டு வாங்க. நான் தூங்கணும். வந்ததும் எழுப்புங்க, ரெண்டு பேருமா உட்கார்ந்து டீ குடிக்கலாம்."

வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆள் போகலாம் என்று வானிலைத் துறை விதியில் இருப்பதை அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்து வைத்திருந்தாள். அந்த மாற்று ஆளின் பெயர் எழுத வேண்டிய தாளையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். தாள் பழுப்பேறியிருந்தது.

அடுத்த ஞாயிறு எட்டரை மணிக்குப் புள்ளி அங்கே போனாள். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர், இன்றைக்கு மழைக்காரம்மாவுக்குப் பதிலாக மழைக்காரய்யா ஏறியதைப் பார்த்ததாகவும், பாதி வழியில் இரண்டு தடவை உட்கார்ந்ததாகவும் தகவல் கொடுத்தார். புள்ளி வாசலை நெருங்கும்போது அத்தான் அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அக்குளில் அக்காவின் நோட்டு. எவ்வளவு மழை என்று அவள் தூரத்திலிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

அவர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். கேட்டுக்கு வெளியிலேயே குனிந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் ஊரையே எழுப்பிய அந்தப் பூட்ஸைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு மெல்ல மெல்லப் படியேறினார்.

"மெதுவா வா புள்ளி," என்றார். "அக்கா தூங்குறா."